தயவு வேறு, ஒப்பந்தம் வேறு



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்குச் சங்கம் என்பது புதிய சொல்லன்று. பால்மரம் சீவியவர்களும், செம்பனைக் குலை வெட்டியவர்களும், வெளிக்காட்டு வேலை செய்தவர்களும் மாதந்தோறும் சங்கத்துக்குச் சந்தா கட்டி வந்திருக்கிறார்கள். நாள் சம்பளம் எவ்வளவு, மிகை வேலைக்கு என்ன கிடைக்கும், விடுப்பு எத்தனை நாள் என்பவற்றைச் சங்கமும் முதலாளிமார் சங்கமும் உட்கார்ந்து பேசி எழுதின. அந்த ஒப்பந்தத்தை நம்மில் பலர் கையில் எடுத்துப் படித்ததில்லை. ஆயினும் அதன் நிழலில் வாழ்ந்திருக்கிறோம்.

இன்று நம் பிள்ளைகளின் நிலை வேறு. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்ட காலம் முதல், தோட்டத்து வாசலில் தொழிற்சாலை பஸ்கள் வந்து நிற்கத் தொடங்கின. பிறகு தோட்டங்களே பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தகப்பன் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்ய, மகன் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறான். மகள் ரப்பர் கையுறைகளைப் பெட்டியில் அடுக்குகிறாள். தகப்பனுக்குச் சங்கம் உண்டு. பிள்ளை வேலை செய்யும் இடத்திலோ அறுபது, எண்பது பேர்தான் இருப்பார்கள். சங்கமும் இராது, ஒப்பந்தமும் இராது. “சின்ன கம்பெனிதானே, அதற்கெல்லாம் எதற்குச் சங்கம்?” என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இந்தக் கேள்விக்குத்தான் இன்றைய பேச்சில் விடை தேடப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கூட்டுப் பேரத்துக்கு வழி வகுக்கும் 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டம், இத்தனை பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பத்தில் ஏழு உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் போதும் என்கிறது 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். தனிச் சங்கம் அமைக்க முடியாவிட்டால், அந்தத் தொழிலுக்கு ஏற்கெனவே இருக்கும் தேசிய சங்கத்தில் சேரலாம். ரப்பர் பொருள் செய்யும் நிறுவனங்களின் தொழிலாளர்க்குச் சங்கம் உண்டு. உலோகத் தொழிலுக்கு உண்டு. மின்பொருள் தொழிலுக்கும் உண்டு. ஆகவே சின்ன கம்பெனிக்குச் சட்டம் கதவைச் சாத்தவில்லை. கதவு சாத்தியிருப்பது பல வேளைகளில் நம் மனத்தில்தான்.

அது ஏன் என்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

பெரிய தொழிற்சாலையில் முதலாளி யாரென்றே தொழிலாளிக்குத் தெரியாது. சிறிய தொழிற்சாலையில் தவ்கே தினமும் கண்முன் நடமாடுவார். பெயர் சொல்லி அழைப்பார். தீபாவளிக்கு அங்பாவ் கொடுப்பார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவென்றால் இருநூறு வெள்ளி முன்பணம் தருவார். வீட்டில் மகன் சங்கப் பேச்சை எடுத்தால் தாயே தடுப்பாள்: “வேண்டாம்டா தம்பி, தவ்கே நல்ல மனுசன். அவர் மனசு நோகும்படி நடந்துக்காதே.”

தாய் சொல்வதில் பொய்யில்லை. தவ்கே நல்லவராகவே இருக்கலாம். நல்ல மனிதரை நல்லவர் என்று சொல்வது நம் பண்பு. ஆனால் நல்ல மனம் எத்தனை நாளைக்கு? அவருக்கு வயதாகிறது, நாளை அவர் மகன் பொறுப்பேற்பான், மறுநாள் கம்பெனியை வேறொருவர் வாங்கிவிடுவார். இந்தப் பாடம் தோட்டத்தில் நாம் படித்ததுதான். 1950களிலும் 1960களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, பழைய துரை வாயால் சொன்ன உறுதிமொழி எதுவும் புதிய முதலாளியைக் கட்டுப்படுத்தவில்லை. இருபது வருஷம் உழைத்த குடும்பங்கள் லயத்தைக் காலி செய்து வெளியேறின. அந்தத் துயரத்தின் விளைவாகத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்க வழி செய்தார்.

தயவு, கொடுப்பவரோடு போய்விடும். ஒப்பந்தமோ அப்படியன்று. முறையாகச் செய்த கூட்டு ஒப்பந்தம் கையெழுத்திட்ட முதலாளியை மட்டுமல்லாமல், அவருக்குப் பின் நிறுவனத்தை ஏற்பவரையும் கட்டுப்படுத்தும் என்பது சட்டம். இன்று இருக்கும் தொழிலாளிக்கு மட்டுமன்றி, நாளை வேலைக்குச் சேரும் தொழிலாளிக்கும் அது பொருந்தும். அங்பாவுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் அங்பாவை நம்பி வீட்டுக் கடன் வாங்க முடியுமா? இதுதான் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை.

சங்கம் கேட்பது காசு மட்டுமே என்று எண்ணுவோரும் உண்டு. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு ஈடான சம்பளம் கேட்டார்கள்; பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள்; கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு, துரையையோ கிராணியையோ கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் இராணுவத்தைக் கொண்டு அடக்கப்பட்டது. ஆயினும் அந்தச் சைக்கிள் கோரிக்கையை நம் மக்கள் மறக்கவில்லை. மனிதனாக நடத்து என்பதும் ஒரு கோரிக்கைதான். இன்றைய தொழிற்சாலையில் கழிவறைக்குப் போக ‘பாஸ்’ வாங்கிக்கொண்டு காத்து நிற்கும் பெண்ணுக்கு இது நன்றாக விளங்கும்.

போருக்குப் பின் 1954இல் பல தோட்டச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. திரு. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக விளங்கினார். துரையின் தயவில் கிடைத்ததெல்லாம் பேச்சுவார்த்தையில் பெறுவதாக மாறியது அந்தத் தலைமுறையில்தான். தோட்டத்தில் தாத்தா நடந்த அதே பாதையில் தொழிற்சாலையில் பேரன் இன்று நடக்க வேண்டியிருக்கிறது.

இனி, பேச்சுவார்த்தை எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதல் படி, அங்கீகாரம். சங்கத்தில் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. “இந்தச் சங்கம் என் தொழிலாளரின் சார்பில் பேசலாம்” என்று நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதற்குச் சங்கம் எழுத்து மூலம் கோரிக்கை அனுப்பும். நிறுவனம் 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தாலோ பதிலே தராவிட்டாலோ, அடுத்த 14 நாட்களுக்குள் சங்கம் தொழிலியல் உறவு இலாகாவின் தலைமை இயக்குநரிடம் முறையிடலாம். தொழிலாளரிடையே சங்கத்துக்கு ஆதரவு இருக்கிறதா என்பது இரகசிய வாக்கெடுப்பின் மூலம் கண்டறியப்படும். நிர்வாகப் பதவியிலும், இரகசியப் பொறுப்பிலும், பாதுகாவல் வேலையிலும் இருப்போர் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள்.

இந்தக் காலந்தான் தொழிலாளிக்கு மிகவும் சோதனையான காலம். கம்பெனி அலுவலகத்துக்கு ஒவ்வொருவராக அழைத்து, “உனக்கு என்ன குறை? என்னிடம் நேரில் சொல்லியிருக்கலாமே” என்று கேட்பார்கள். ஒருவருக்குச் சூப்பர்வைசர் பதவி ஆசை காட்டப்படும்; இன்னொருவர் ராத்திரி ஷிப்டுக்கு மாற்றப்படுவார். சங்கத்தில் சேர்ந்த காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதையும், பதவி உயர்வில் ஒதுக்குவதையும் சட்டம் தடை செய்கிறது. நியாயமான காரணமின்றி வேலை நீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். அந்த 60 நாள் கெடுவைத் தவறவிட்டால் வழக்குக்கே இடமில்லாமல் போகும். “பார்த்துக்கொள்ளலாம்” என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவது நம்மவரிடம் உள்ள கெட்ட பழக்கம். இந்த விஷயத்தில் அது கூடவே கூடாது.

2024ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த திருத்தத்தால், ஒரே நிறுவனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்க முடியும். இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. எண்பது பேர் உள்ள இடத்தில் இரண்டு சங்கம் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் இழுத்தால், தேர் நிலைக்கு வராது.

இரண்டாம் படி, கோரிக்கையைத் தயாரிப்பது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. தொழிலாளியோ கணக்குப் பார்த்தால்தான் ஏதாவது மிஞ்சும்.

சட்டம் எதுவரை தருகிறது, எது பேசிப் பெற வேண்டியது என்ற எல்லையை முதலில் அறிய வேண்டும். குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளியாக நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து பேருக்குக் குறைவானவர்களை வைத்திருப்போருக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் இது பொருந்தும். வாராந்தர வேலை நேரம் 2023 முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு. ஆண்டு விடுப்பு முதல் இரண்டு ஆண்டுகளில் 8 நாள், ஐந்து ஆண்டுக்கு மேல் 16 நாள். இவையெல்லாம் சட்டம் போட்ட தரை. இதற்குக் கீழே எந்த முதலாளியும் போக முடியாது.

ஆனால் ஆண்டுதோறும் சம்பள உயர்வு தர வேண்டும் என்று சட்டம் கட்டளையிடவில்லை. போனஸ் தரவேண்டும் என்றும் சொல்லவில்லை. ராத்திரி ஷிப்டுக்குத் தனிப்படி, உற்றார் இறந்தால் சம்பளத்துடன் விடுப்பு, பத்து வருஷம் வேலை செய்தவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் இடையில் சம்பள வேற்றுமை, இவையும் சட்டத்தில் கிடைப்பவை அல்ல. இவற்றைப் பேசித்தான் பெற வேண்டும். குறைந்தபட்ச சம்பளம் உயரும்போதெல்லாம் புதியவரும் பழையவரும் ஒரே தொகையில் வந்து நிற்பதைப் பல தொழிற்சாலைகளில் காண்கிறோம். பழையவரின் பத்தாண்டு அனுபவத்துக்கு விலை வைப்பது கூட்டு ஒப்பந்தம் ஒன்றே.

அடிப்படைச் சம்பளத்தைப் பற்றி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி நேர வேலை நாளென்றால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஒன்றரை மடங்காக மிகைநேரச் சம்பளம் மணிக்கு 12 வெள்ளி 26 காசு. அடிப்படைச் சம்பளம் 100 வெள்ளி உயர்ந்தால், அதே மிகைநேர மணிக்கு 12 வெள்ளி 98 காசு கிடைக்கும். இ.பி.எஃப். சேமிப்பும் உயரும். மிகைநேரச் சம்பளத்துக்கோ இ.பி.எஃப். பிடிப்பது கிடையாது. ஆகவே “ஓவர்டைம் நிறையத் தருகிறோம், அடிப்படைச் சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்” என்று நிர்வாகம் சொன்னால், இன்றைய கைச்செலவு நிறையும். ஆனால் முதுமைக் காலச் சேமிப்பு குறையும். இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது பெற்றோர் கடமை.

இப்போது இதே கணக்கை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்ப்போம். 80 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, எல்லோரும் உள்நாட்டவர் என்று கொள்வோம். ஆளுக்கு 100 வெள்ளி உயர்வு என்றால் நிறுவனத்துக்கு மாதம் 8,000 வெள்ளி, ஆண்டுக்கு 96,000 வெள்ளி. அதன்மேல் முதலாளி கட்டும் இ.பி.எஃப். 13 விழுக்காடு, அதாவது 12,480 வெள்ளி. ஆக மொத்தம் 108,480 வெள்ளி. தொழிலாளிக்கு அது நாளொன்றுக்கு 3 வெள்ளி 85 காசுதான். முதலாளிக்கோ ஆண்டில் ஒரு இலட்சத்துக்கு மேல். இரண்டு எண்ணும் உண்மைதான். பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு போனால், மேசையில் கோபத்துக்கு வேலை இராது.

நிறுவனத்தின் நிலைமையை எப்படி அறிவது? பல நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கை, கட்டணம் செலுத்தி நிறுவனங்கள் ஆணையத்திடமிருந்து பெறலாம். குடும்ப நிறுவனங்கள் சிலவற்றுக்குக் கணக்கை வெளியிடாமலிருக்கச் சலுகை உண்டு. அப்போது தொழிலாளியின் கண்ணே கணக்குப் புத்தகம். புதிய இயந்திரம் வந்ததா? இரண்டாவது ஷிப்டு தொடங்கியதா? வாரத்துக்கு எத்தனை கொள்கலன் லாரிகள் வெளியே போகின்றன? ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் இவற்றைக் குறித்து வைக்கலாம். ஆனால் லாரி அதிகம் போனால் லாபம் அதிகம் என்று உடனே முடிவு கட்டிவிடக்கூடாது. மூலப்பொருள் விலை ஏறியிருக்கலாம். அரைகுறைக் கணக்கோடு போனால் மேசையில் நாமே தலைகுனிய நேரும்.

சம்பளச் சீட்டை எறிந்துவிடும் பழக்கம் நம் இளைஞர்களிடம் இருக்கிறது. தாய்மார்களே, அதை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். மூன்று ஆண்டுச் சம்பளச் சீட்டு கையில் இருந்தால், பேசப் போகும் உங்கள் பிள்ளைக்கு அது ஒரு வழக்கறிஞரைப் போல உதவும்.

மூன்றாம் படி, மேசைக்குப் போவது. சங்கம் எழுத்து மூலம் அழைப்பு அனுப்பியதும், நிறுவனம் 14 நாட்களுக்குள் ஏற்பதா மறுப்பதா என்று பதில் தர வேண்டும். ஏற்றுக்கொண்டால், அந்தப் பதில் கிடைத்த 30 நாட்களுக்குள் பேச்சு தொடங்க வேண்டும். பேச மறுத்தாலும் விஷயம் தலைமை இயக்குநரிடம் போகும்.

பேசப் போகும் குழுவில் யார் யார் இருக்க வேண்டும்? சத்தமாகப் பேசுபவர்தான் தலைவர் என்று எண்ணிவிடக்கூடாது. சங்க அதிகாரி ஒருவர், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர், ராத்திரி ஷிப்டில் ஒருவர், கட்டாயம் ஒரு பெண். பெண்கள் பாதிப்பேர் வேலை செய்யும் இடத்தில் ஆண்கள் மட்டுமே பேசப் போனால், பிரசவ விடுப்பும் கழிவறை ‘பாஸும்’ பட்டியலின் கடைசியில் போய், பிறகு காணாமலே போய்விடும். மேசையில் பேசுபவர் ஒருவராக இருக்கட்டும். குறிப்பெடுப்பவர் இன்னொருவராக இருக்கட்டும். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஒப்புக்கொண்டது எது, தள்ளி வைத்தது எது என்று எழுதி இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். அடுத்த கூட்டத்தில் “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்பதற்கு இடமிருக்காது.

அனுபவமுள்ளவர்கள் காசு சேராத கோரிக்கைகளை முதலில் எடுப்பார்கள். உடுப்பு, உணவறை, புகார் செய்யும் முறை ஆகியவற்றில் உடன்பாடு ஏற்பட்டால், இரு தரப்புக்கும் ஒருவர் மீது ஒருவருக்கு நம்பிக்கை பிறக்கும். சம்பளம் கடைசியில் வரும். அப்போது நிர்வாகம் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: “ஆர்டர் குறைந்துவிட்டது. நீங்கள் கேட்பதைக் கொடுத்தால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.”

இந்தச் சொல்லைக் கேட்டதும் பயந்து எழுந்து வருவது தவறு. மேசையைத் தட்டிக் கத்துவதும் தவறு. “அப்படியானால் கணக்கைக் காட்டுங்கள், முதலாளி. கணக்கு அப்படித்தான் என்றால் நாங்களும் விட்டுக்கொடுக்கிறோம்” என்று கேட்பதே முறை. நாம் சொன்ன அதே தொழிற்சாலையில், 100 வெள்ளியை ஒரே தடவையில் கேட்காமல், முதல் ஆண்டு 50, இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 20 என்று பிரித்துக் கேட்கலாம். முதல் ஆண்டில் நிறுவனத்தின் சுமை, இ.பி.எஃப். உட்பட 54,240 வெள்ளியாகப் பாதி குறைந்துவிடும். மூன்றாம் ஆண்டில் தொழிலாளிக்கு அவர் கேட்ட 100 வெள்ளி முழுதாகக் கிடைத்துவிடும். தொழிற்சாலை வாழ வேண்டும் என்பதில் தவ்கேக்கு எவ்வளவு அக்கறையோ, அவ்வளவு அக்கறை தொழிலாளிக்கும் உண்டு. மூடிய தொழிற்சாலை யாருக்கும் சம்பளம் தராது.

பேசியும் முடிவு வராவிட்டால்? தொழிலியல் உறவு இலாகா இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். அதுவும் பலிக்காவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படலாம். சம்பள வழக்கில் நீதிமன்றம் முக்கியமாகப் பார்ப்பவை மூன்று: வாழ்க்கைச் செலவு எவ்வளவு ஏறியிருக்கிறது, அதே தொழிலில் பிற நிறுவனங்கள் என்ன தருகின்றன, இந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும் சக்தி இருக்கிறதா. ஆகவே மேசைக்காகத் தயாரித்த கணக்கு நீதிமன்றத்திலும் உதவும். கணக்கு இல்லாதவர் இரண்டு இடத்திலும் வெறுங்கையோடுதான் நிற்பார்.

வேலைநிறுத்தத்தைப் பற்றி நம் இளைஞர்கள் ஆவேசமாகப் பேசுவார்கள். அது தொழிலாளியின் உரிமைதான்; ஆனால் சட்டத்தில் அதற்குப் பல கட்டுப்பாடுகள் உண்டு. உறுப்பினரிடம் இரகசிய வாக்கெடுப்பு நடத்தாமல் செய்யக்கூடாது. வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட பின் செய்யக்கூடாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது, அதில் முடிவான விஷயத்துக்காகவும் செய்யக்கூடாது. சங்கத்தைக் கேட்காமல் நாலு பேர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தால், அது வீரமாகத் தோன்றலாம். மறுநாள் வேலை நீக்கக் கடிதம் வரும்போது துணைக்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

நான்காம் படி, ஒப்பந்தம். அது எழுத்தில் இருக்க வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறையாத காலத்துக்குச் செய்ய வேண்டும். கையெழுத்தான ஒரு மாதத்துக்குள் அதைத் தொழிலியல் நீதிமன்றத்தில் ஒப்படைத்து ஏற்புப் பெற வேண்டும். அதன் பிறகு, ஒப்பந்தத்தைவிடக் குறைவாக எந்தத் தொழிலாளியிடமும் தனியாகக் கையெழுத்து வாங்க முடியாது. முதலாளி ஒப்பந்தப்படி நடக்காவிட்டால் நீதிமன்றத்தில் முறையிடலாம். எண்பது பேரும் ஒரு பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். அலமாரியில் பூட்டிய ஒப்பந்தத்தால் யாருக்கு என்ன பயன்?

இறுதியாக ஒன்று. இன்று பல தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகளின் பக்கத்து இயந்திரத்தில் நேப்பாளத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். “அவர்களால்தான் நமக்குச் சம்பளம் ஏறவில்லை” என்ற பேச்சு காதில் விழுகிறது. நேயர்களே, நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது அவர்களைப் பற்றியும் இப்படித்தான் பேசியிருப்பார்கள். அந்நியத் தொழிலாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வதற்குச் சட்டத்தில் தடையில்லை. அவர்களை வெளியே நிறுத்தி வைத்தால், குறைந்த சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது என்று நிர்வாகம் மேசையில் சொல்லும். அவர்களையும் சேர்த்துக்கொண்டால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

சங்கக் கூட்டத்துக்கு மகன் போகும் ஞாயிற்றுக்கிழமையில், “வீட்டு வேலை கிடக்கிறதே” என்று தடுக்காதீர்கள். மகள் பேச்சுவார்த்தைக் குழுவில் இருக்கிறாள் என்றால் “பெண் பிள்ளைக்கு எதற்கு இது?” என்று கேட்காதீர்கள். தோட்டத்தில் சங்கம் எப்படி வந்தது, அதற்கு முன் எப்படி வாழ்ந்தோம் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்குச் சொல்லுங்கள். தவ்கேயை மதிக்கச் சொல்லுங்கள்; மரியாதையோடு பேசச் சொல்லுங்கள். ஆனால் பேசி முடித்ததை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.